சிறிய அறைக்கு நல்ல பேஸ்: டவர் ஸ்பீக்கரா, ஒரு சப்வூஃபரா, இரண்டா?

வீட்டில் ஓர் ஏவி ரிசீவரும் (படத்துக்கும் இசைக்கும் ஸ்பீக்கர்களை இயக்கும் பெருக்கி) ஒரு ஜோடி சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் வைத்திருப்பவர்கள் அடுத்த செலவைப் பற்றி யோசிக்கத் தொடங்கினால், அந்த யோசனை பெரும்பாலும் பேஸில், அதாவது தாழ்ந்த அதிர்வெண் ஒலியில்தான் வந்து நிற்கிறது. பாடகரின் குரல் தெளிவாக இருக்கிறது, வயலினும் நன்றாகக் கேட்கிறது, ஆனால் பேஸ் கிட்டார் எங்கோ பின்னால் பதுங்கிக்கொள்கிறது. அல்லது சில ஸ்வரங்கள் மட்டும் அறையையே அதிரவைக்க, அவற்றுக்கு அடுத்த ஸ்வரங்கள் காணாமல் போகின்றன. இந்த நிலையில் இருப்பவர் முன் நான்கு வழிகள் உள்ளன. புக்‌ஷெல்ஃபை விற்றுவிட்டுத் தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கர்களை வாங்கலாம். இருப்பதை வைத்துக்கொண்டு, பேஸுக்கென்றே தனிப்பெட்டியாக வரும் 12 அங்குலச் சப்வூஃபர் ஒன்றைச் சேர்க்கலாம். ஏறத்தாழ அதே பணத்தில் 8 அல்லது 10 அங்குலச் சப்வூஃபர்கள் இரண்டை வாங்கலாம். பெட்டி எதுவும் வாங்காமல், அளவீட்டு மைக் ஒன்றை மட்டும் வாங்கி, இருக்கைகளையும் ஸ்பீக்கர்களையும் இடம் மாற்றி, ஈக்வலைசரை (ஒவ்வொரு அதிர்வெண்ணின் உரப்பையும் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) சீர்செய்து பார்க்கலாம். ஒலியை உறிஞ்சும் பலகைகளைச் சுவரில் பதிப்பதையும் இந்த நான்காவது வழியோடு சேர்த்துக்கொள்ளலாம்.

பேஸில் செலவிடுவது வீண் ஆசை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ஷான் ஆலிவ் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டு ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் இட்டவர்களின் விருப்பத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைப் பேஸின் ஆழமும் சீரும் தீர்மானித்தன என்று கண்டார். ஆகவே கேள்வி செலவிடலாமா என்பதன்று. எதில் செலவிட்டால் அந்த ஆழமும் சீரும் சேர்ந்து கிடைக்கும் என்பதே. ஆழத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். சீர் என்பது பெரும்பாலும் அறையின் கையில் இருக்கிறது என்பதால், ஒப்பீட்டை அறையிலிருந்து தொடங்குவதுதான் முறை.

நம் ஊர்க் குடியிருப்புகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் ஓர் அறையை எடுத்துக்கொள்வோம்: 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம், நான்கு பக்கமும் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. எனவே 40 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 40 அதிர்வுகள்) ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 8.7 மீட்டர், அறையின் நீளமோ 3.66 மீட்டர்தான். இப்படி அறையைவிட நீண்ட அலைகள் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும்போது, சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் போகும் அலையும் வரும் அலையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிலைத்து நின்றுவிடுகின்றன. அவற்றையே அறையின் மோடு என்கிறோம். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் முதல் மோடு கிடைத்துவிடும்: இந்த அறையின் நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ், அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். உயரமும் அகலமும் ஒன்றாகவே இருப்பதால் உயரத்துக்கும் அதே 57. இரண்டு மோடுகள் ஒரே இடத்தில் விழுவது நல்ல செய்தியன்று. அந்த ஒரு ஸ்வரம் மற்றவற்றைவிட உரக்க எழும், எளிதில் அடங்காது.

மோடு அறையெங்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். சுவரை ஒட்டி அது உச்சத்தில் இருக்கும். முதல் மோடு அறையின் நட்டநடுவில் ஏறத்தாழ இல்லாமலே போகும். நம் வீடுகளில் சோஃபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது வழக்கம். அங்கே உட்கார்ந்திருப்பவரின் தலை, நீளவாக்கில் உண்டாகும் எல்லா மோடுகளும் உச்சத்தில் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அவருக்குப் பேஸ் எப்போதும் உப்பிப்போய்த்தான் கேட்கும். அதே அறையின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவரோ, சப்வூஃபரில் பேஸே வரவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார். இருவரும் கேட்டது ஒரே பெட்டியைத்தான். 12 அடி அறையில் பின்சுவரிலிருந்து 4 அடி முன்னால், அதாவது நீளத்தில் மூன்றில் ஒரு பங்கில் உட்கார முடிந்தால், முதல் மோடும் இரண்டாம் மோடும் நடுத்தரமாகக் கேட்கும். அவ்வளவு இடம் விட முடியாத வீட்டில் ஒன்றரை அடி நகர்த்தினாலும் வித்தியாசம் தெரியும்.

இந்தப் பின்னணியோடு முதல் வழியான டவர் ஸ்பீக்கர்களைப் பார்ப்போம். அவற்றின் மீது பலருக்கும் ஒரு மதிப்பு உண்டு. அறையில் நிறுத்தியவுடன் வீட்டுக்கு ஒரு களை வந்துவிடுகிறது. நடைமுறையில் பெரும்பாலான டவர்களில் பேஸைத் தரும் கூம்புகளாக இருப்பவை ஆறரை அங்குல வூஃபர்கள் இரண்டோ மூன்றோதான். ஆறரை அங்குல வூஃபரின் அசையும் பரப்பு ஏறத்தாழ 135 சதுர சென்டிமீட்டர். 12 அங்குல வூஃபருடையது ஏறத்தாழ 500. ஒலியின் உரப்பு குறையாமல் ஓர் ஆக்டேவ் (அதாவது பாதி அதிர்வெண்ணுக்கு) கீழே இறங்க வேண்டுமென்றால் வூஃபர் நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். 80 ஹெர்ட்ஸில் ஒரு மில்லிமீட்டர் அசைந்து தந்த ஒலியை 40-இல் தர நான்கு மில்லிமீட்டரும், 20-இல் தரப் பதினாறு மில்லிமீட்டரும் அசைய வேண்டும். எனவே, நடுத்தர விலையிலுள்ள பல டவர்கள் 40 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்திலேயே தளர்ந்துவிடுவதில் வியப்பில்லை.

ஆனால் டவரின் உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. குரல் நடுவில் நிற்கவும் கருவிகள் அவையவை தத்தம் இடத்தில் கேட்கவும் ஸ்பீக்கர்கள் இரண்டும் கேட்பவருக்குச் சமதூரத்தில், சுவரிலிருந்து சற்று விலகி நிற்க வேண்டும். பேஸுக்கு உகந்த இடம் அதுவாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை; பெரும்பாலும் அதுவாக இருப்பதுமில்லை. தனக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து 3 அடி தள்ளி நிறுத்திய ஸ்பீக்கரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய்த் திரும்பும் ஒலி, 95 ஹெர்ட்ஸை ஒட்டி நேரடி ஒலிக்கு எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கும்படி) வந்து சேர்ந்து அதைத் தின்றுவிடும். சுவரோடு நெருக்கி வைத்தால் அந்தப் பள்ளம் மேலே ஏறிக் குரலின் எல்லைக்குள் போய்விடும், ஸ்டீரியோவின் ஆழமும் குறைந்துவிடும். டவரில் பேஸும் குரலும் ஒரே பெட்டியில் கட்டுண்டிருப்பதால் ஒன்றுக்காக நகர்த்தினால் மற்றொன்று கெடுகிறது. பேஸைத் தனிப்பெட்டியில் பிரித்து வைக்கும் சப்வூஃபருக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம். ஒரு அடி இடைவெளியில் வைத்தாலும் அதன் பள்ளம் 280 ஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடும், அந்த எல்லையில் சப்வூஃபருக்கு வேலையே இல்லை.

இதனால் டவர் தேவையே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்டீரியோவில் இசை மட்டுமே கேட்பவர், 15 அடிக்கு மேல் நீளமுள்ள அறை உடையவர், ரிசீவரில் கிராஸ்ஓவர் (ஸ்பீக்கருக்கும் சப்வூஃபருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் அதிர்வெண்), தூரம், ஃபேஸ் (ஒலி அலையின் கட்டம்) என்று நாளெல்லாம் திருகிக்கொண்டிருக்க விரும்பாதவர் ஆகியோருக்கு நல்ல டவர் ஒரு நிறைவான தீர்வு. 12-க்கு 10 அறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டாவது வழியான ஒற்றைச் சப்வூஃபர்தான் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது. இதில் முதலில் தீர்மானிக்க வேண்டியது அங்குலக் கணக்கு அன்று. மூடிய பெட்டியா, துளை வைத்த பெட்டியா என்பதுதான். அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954-இல் ஏஆர்-1 ஸ்பீக்கர் மூலம் மூடிய பெட்டியைப் பிரபலமாக்கினார். பெட்டிக்குள் அடைபட்ட காற்றே வூஃபருக்கு ஸ்பிரிங்காக வேலை செய்தது, சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸ் வந்தது. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் துளைப் பெட்டிகளுக்கான கணக்கை வகுத்துக் கொடுத்தார்; பின்னர் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். இன்றைக்கு ஒவ்வொரு வூஃபரின் தகவல் தாளிலும் அச்சாகும் தீல்-ஸ்மால் அளவுகள் இவ்விருவரின் பெயரைத் தாங்கியவை. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் எழும் ஒலியைப் போல, துளைக்குள் இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் தானே ஒலித்து வூஃபருக்குத் துணை நிற்கிறது. அந்த அதிர்வெண்ணை ஒட்டித் துளைப் பெட்டி அதிக உரப்பைத் தரும். அதற்குக் கீழே போனால் ஆக்டேவுக்கு 24 டெசிபெல் வீதம் சரிந்துவிடும். மூடிய பெட்டி ஆக்டேவுக்கு 12 டெசிபெல் வீதம்தான் சரியும்.

நமது மாதிரி அறையில் இந்தச் சரிவு முக்கியமாகிறது. முதல் மோடான 48 ஹெர்ட்ஸுக்குக் கீழே அறைக்குள் நிலைத்த அலை எதுவும் உருவாக இடமில்லை. அடைபட்ட அறை முழுவதும் ஒரே அழுத்தத்தில் ஏறி இறங்குகிறது, அதனால் ஆழ்ந்த ஒலிகளுக்கு இலவசமாக ஒரு தூக்கல் கிடைக்கிறது. கதவிடுக்கு, ஜன்னல் வழியாகக் கொஞ்சம் கசிந்தாலும், செங்கல் சுவர் அறைகள் இதைப் பெருமளவு தக்கவைத்துக்கொள்கின்றன. மூடிய பெட்டியின் மெல்லிய சரிவும் அறையின் தூக்கலும் ஒன்றையொன்று ஈடுசெய்து, ஏட்டில் 35 ஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கும் சிறிய சப்வூஃபரைக்கூட அதற்குக் கீழே நன்றாகப் பேசவைத்துவிடும். அதே தூக்கல் துளைப் பெட்டியின் உரத்த பகுதியின் மீது விழுந்தால் பேஸ் கனத்துப்போகும். வெளிநாட்டு விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்குபவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு: அமெரிக்க வீடுகளின் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் கொண்ட சுவர்கள் தாமே அசைந்து பேஸில் ஒரு பகுதியை விழுங்கிவிடும், நம் செங்கல்லும் கான்கிரீட்டும் அதை அப்படியே திருப்பி அனுப்பும். அங்கே போதாது என்று எழுதப்பட்ட சப்வூஃபர் இங்கே போதுமானதாக இருக்கக்கூடும்.

துளைப் பெட்டிக்கு உரிய இடம் ஹால். ஹாலும் சாப்பாட்டு அறையும் சமையலறையும் சுவரின்றி ஒன்றோடொன்று திறந்திருக்கும் வீட்டில், ஒலி நிரப்ப வேண்டிய கொள்ளளவு மூன்று நான்கு மடங்கு பெருகிவிடும், மேலே சொன்ன தூக்கலும் கைவிட்டுப் போகும். அங்கே திரைப்படம் பார்ப்பவருக்கு 12 அங்குலத் துளைப் பெட்டியின் வலு தேவைப்படும். சிறிய பெட்டி, ஆழமான பேஸ், குறைந்த பவரில் அதிக ஒலி ஆகிய மூன்றில் இரண்டைத்தான் ஒரே நேரத்தில் பெற முடியும் என்பது ஹாஃப்மன் விதி. கேஎல்ஹெச் என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரிலுள்ள 'ஹெச்' எழுத்துக்குரியவர் அவர். கைக்கு அடக்கமான பெட்டியில் இடிமுழக்கம் வருவதாக விளம்பரம் செய்தால் எந்த மூன்றாவதை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியில் ஆயிரக்கணக்கில் போடப்படும் பிஎம்பிஓ (கண நேர உச்ச) வாட் கணக்கை அப்படியே ஒதுக்கிவிடலாம். தொடர்ந்து தரக்கூடிய பவரைச் சொல்லும் ஆர்எம்எஸ் எண் ஒன்றுதான் ஒப்பிடத் தக்கது.

ஒற்றைச் சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு எளிய முறை ஒன்று உண்டு. அதைத் தற்காலிகமாக நீங்கள் உட்காரும் சோஃபாவின் மீதே தூக்கி வைத்துவிட்டு, ஏறி இறங்கி நடக்கும் பேஸ் கிட்டார் உள்ள பாடல் ஒன்றைத் தொடர்ந்து ஓடவிட்டு, சுவரோரமாகத் தரையை ஒட்டிக் குனிந்து ஊர்ந்துபோய்க் கேட்க வேண்டும். எல்லா ஸ்வரங்களும் ஏறக்குறையச் சம அளவில் கேட்கும் இடம் எதுவோ அதுவே சப்வூஃபருக்கான இடம். ஒலிமூலமும் காதும் இடம் மாறினாலும் அறை அவற்றிடையே செய்யும் வேலை மாறாது என்பதால் இந்த முறை பலிக்கிறது. வீட்டிலுள்ளவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள் என்பதைத் தவிர இதில் செலவு கிடையாது. மூலையில் வைப்பது எல்லா மோடுகளையும் முழு வலுவோடு எழுப்பும். உரப்பு மிகுதியாகக் கிடைக்கும், சீர் குறைவாகக் கிடைக்கும்.

எனினும் இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. ஓர் இருக்கைக்கு உகந்த இடம் பக்கத்து இருக்கைக்கும் உகந்ததாக இருக்குமென்று சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் மூன்றாவது வழியான இரட்டைச் சப்வூஃபர் முன்னுக்கு வருகிறது. ஹார்மனில் ஆய்வு செய்த டாட் வெல்டி 2002-இல், செவ்வக அறைகளில் பல்வேறு எண்ணிக்கையிலும் பல்வேறு இடங்களிலும் சப்வூஃபர்களை வைத்துக் கணக்கிட்டு, இருக்கைக்கு இருக்கை பேஸ் எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட்டார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டை வைப்பது மிக நல்ல பலன் தருகிறது என்பதும், நான்குக்கு மேல் போவதால் குறிப்பிடத்தக்க ஆதாயம் இல்லை என்பதும் அவருடைய முடிவுகள்.

ஏன் அப்படி என்பதை நம் அறையிலேயே பார்க்கலாம். முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று என இரண்டு சப்வூஃபர்களை வைத்து இரண்டுக்கும் ஒரே சிக்னலைக் கொடுப்போம். நீளத்தின் முதல் மோடான 48 ஹெர்ட்ஸில் அறையின் இரு முனைகளும் எப்போதும் எதிரெதிர் அழுத்தத்தில் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் ஒரே அழுத்தத்தைக் கொடுத்தால் அந்த மோடு எழவே முடியாது. அகலத்தின் 57 ஹெர்ட்ஸ் மோடோ அகலத்தின் நடுவில் சுழியாக இருப்பது. இரு பெட்டிகளும் அந்த நடுக்கோட்டிலேயே நிற்பதால் அதையும் அவற்றால் தூண்ட முடியாது. நீளமும் அகலமும் சேர்ந்து உண்டாக்கும் 75 ஹெர்ட்ஸை ஒட்டிய மோடும் இதே காரணத்தால் அடங்கிவிடும். கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்தால் சப்வூஃபரின் எல்லைக்குள் மிஞ்சுவது உயரத்தின் 57 ஹெர்ட்ஸ் மோடு ஒன்றுதான். சோஃபாவில் உட்கார்ந்திருக்கும் எல்லோருடைய காதுகளும் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருப்பதால் அந்த மோடு எல்லோருக்கும் ஒரே அளவில்தான் கேட்கும். எல்லோருக்கும் ஒரே அளவில் கேட்கும் மேட்டை ஈக்வலைசரால் தயக்கமின்றி வெட்டிவிடலாம். சுவர்களில் கதவு, ஜன்னல், பீரோ எல்லாம் இருப்பதால் உண்மையான அறை இவ்வளவு துல்லியமாகக் கணக்குக்குக் கட்டுப்படாது என்பது சரிதான். ஆயினும் ஒற்றைப் பெட்டியால் எந்த இடத்தில் வைத்தும் பெற முடியாத ஒரு சீர் இதில் கிடைக்கிறது.

வலுவிலும் இது பின்தங்குவதில்லை. 10 அங்குல வூஃபர்கள் இரண்டின் பரப்பைக் கூட்டினால் 680 சதுர சென்டிமீட்டரை ஒட்டி வரும். ஒற்றை 12 அங்குலத்தைவிட அது அதிகம். 8 அங்குலம் இரண்டு என்றால் சற்றுக் குறையும். மோடுகள் எழாத ஆழமான பகுதியில் இரு பெட்டிகளும் ஒன்றுசேர்ந்து ஒற்றைப் பெட்டியைவிட 6 டெசிபெல் வரை கூடுதலாகத் தரும். குறைகளும் உண்டு. பின்சுவருக்கு ஒரு வயரை இழுத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு மின்செருகிகள் வேண்டும். பல வீடுகளில் பின்சுவரின் நடுவில் கதவு வந்து உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் இடது, வலது பக்கச் சுவர்களின் நடுவில் வைத்தாலும் இதே பலன்தான், அச்சு மட்டும் மாறுகிறது.

நான்காவது வழிக்கு வருவோம். இதில் இரண்டு பகுதிகள் உள்ளன; அவற்றைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் ஒன்றாகக் கட்டி விற்கிறார்கள். ஒலியை உறிஞ்சும் பலகைகளைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நுண்துளைப் பொருள் ஒன்று ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் அதன் தடிமன் அலைநீளத்தின் நான்கில் ஒரு பங்கை நெருங்க வேண்டும். 50 ஹெர்ட்ஸுக்கு அது ஏறத்தாழ 1.7 மீட்டர். சுவரில் ஒட்டும் இரண்டு அங்குல முட்டைத்தட்டு ஃபோம் பேஸைத் தொடவே தொடாது. மேல்ஸ்தாயியை மட்டும் மழுங்கடித்து, பேஸ் மேலும் கனத்துத் தெரியும்படி செய்துவிடும். மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை ராக்வூல் என்ற பாறை இழைப் பஞ்சைத் தடிமனாக நிரப்புவது பயன் தரும், ஆனால் 12-க்கு 10 அறையில் அதற்கு யார் இடம் தருவார்கள்?

மைக்கும் ஈக்வலைசரும் வேறு கதை. ஆடிஸி, டிராக் போன்ற அறைத் திருத்த வசதிகள் பல ரிசீவர்களில் உள்ளேயே வருகின்றன. அது இல்லாதவர்கள் யுமிக்-1 போன்ற யுஎஸ்பி மைக் ஒன்றையும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளையும் மடிக்கணினியில் இணைத்து, தங்கள் அறையில் பேஸ் ஏறி இறங்கும் வரைபடத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதன்முறை பார்ப்பவருக்கு அது அதிர்ச்சியாகவே இருக்கும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே 20 டெசிபெல் வித்தியாசம் என்பது சிகிச்சை பெறாத சிறிய அறைகளில் அரிய காட்சியன்று. மேடுகளை ஈக்வலைசரால் வெட்டினால் உரப்பு குறைவதோடு, அந்த ஸ்வரம் நின்ற பிறகும் இழுத்துக்கொண்டிருக்கும் ரீங்காரமும் சேர்ந்து குறையும். பள்ளங்களை அப்படி நிரப்ப முடியாது. ஓர் இடத்தில் போகும் அலையும் வரும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன என்றால், எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அழிப்பும் அதே விகிதத்தில் கூடும். 10 டெசிபெல் கூட்ட பத்து மடங்கு பவர் வேண்டும்; அவ்வளவு பவரை வாங்கியும் பள்ளம் நிரம்பாது, வூஃபர்தான் திணறும். பள்ளத்துக்கு மருந்து இருக்கையை நகர்த்துவது, சப்வூஃபரை நகர்த்துவது, இல்லையெனில் இரண்டாவது சப்வூஃபர். ஆகவே ஈக்வலைசரை மற்ற வழிகளுக்கு மாற்றாக அன்றி, அவற்றின் கடைசிப் படியாகவே நான் வைப்பேன்.

சப்வூஃபர் சேர்க்கும் வழிகளுக்குப் பொதுவான சில அமைப்புகள் உண்டு. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களை ரிசீவரின் மெனுவில் 'ஸ்மால்' என்று (பேஸைச் சப்வூஃபருக்கு அனுப்பும் அமைப்பு) வைத்து, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் தொடங்க வேண்டும். திரைப்பட ஒலிக்கான டிஹெச்எக்ஸ் தரத்தில் இடம்பெற்ற எண் அது, அதற்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் பிரித்தறிய முடியாது என்பதே அதன் அடிப்படை. ரிசீவரின் கிராஸ்ஓவர் வேலை செய்யும்போது சப்வூஃபரின் முதுகிலுள்ள கிராஸ்ஓவர் குமிழை முழுவதும் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு வடிகட்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து 80-ஐ ஒட்டிப் பள்ளம் பறித்துவிடும். ஃபேஸ் விசையை 0, 180 இரண்டிலும் வைத்துக் கேட்டு, 80-ஐ ஒட்டிய ஒலி எதில் நிறைவாக இருக்கிறதோ அதில் விட வேண்டும். ஸ்பீக்கர் வயரைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் போனால், போக வர அதன் மின்தடை 0.07 ஓம் அளவுதான். விலையுயர்ந்த வயரில் பேஸ் மேம்பட வழியில்லை.

புதிய சப்வூஃபர் 'கரகர' என்கிறது என்ற புகாரில் பெரும்பகுதிக்குக் காரணம் அறைக்குள்ளேயே இருக்கும். கைப்பேசியில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியை ரிசீவரோடு இணைத்து 30 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனால், ஒவ்வொன்றாக எழுந்து பேசத் தொடங்கும்: இரும்பு பீரோவின் கைப்பிடி, புட்டி விட்டுப்போன ஜன்னல் கண்ணாடி, பரணில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் பாத்திரங்கள், சுவிட்ச் போர்டின் தளர்ந்த மூடி. ஒரு துண்டு ஃபெல்ட்டும் இரண்டு திருகும் முடித்துவைக்கும் வேலைக்கு யாரும் சப்வூஃபரைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

என்ன கேட்கிறீர்கள் என்பதும் தீர்ப்பை மாற்றும். நான்கு தந்திப் பேஸ் கிட்டாரின் கீழ்த்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. திரையிசையைப் பிரதானமாகக் கேட்பவருக்கு 40 வரை சீராக இறங்கினாலே போதும், 8 அங்குல மூடிய பெட்டி இரண்டு அதைச் சிரமமின்றிச் செய்துவிடும். கர்நாடகக் கச்சேரிக்கு அவ்வளவு ஆழம்கூட வேண்டியதில்லை, ஆனால் சீர் மிக வேண்டும். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கியைக் கேளுங்கள்: ஸ்வரம் கீழிருந்து வழுக்கிக்கொண்டு மேலேறுவது தெளிவாகக் காதில் விழ வேண்டும். மோடு வலுத்த அறையில் அந்த வழுக்கல் கேட்காது. ஓரிடத்தில் 'பும்' என்று வீங்கி அங்கேயே நின்றுவிடும். எந்தக் கடையின் டெமோ டிஸ்க்கையும்விட நல்ல சோதனை இது. திரைப்படம்தான் முதன்மை என்றால் கணக்கு வேறு: 5.1 ஒலித்தடத்தில் ஆழ்ந்த பேஸுக்கென்றே உள்ள எல்எஃப்ஈ சேனல் மற்ற சேனல்களைவிட 10 டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும்படி வகுக்கப்பட்டது, 20 ஹெர்ட்ஸ் வரை இறங்குவது. அதற்கு 10 அங்குலத்துக்குக் குறையாத பெட்டிகள் வேண்டும்.

எவ்வளவு சத்தத்தில் கேட்பீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 20 ஹெர்ட்ஸ் ஒலி காதில் விழவே ஏறத்தாழ 78 டெசிபெல் தேவை. நடுத்தர அதிர்வெண்களுக்கு இரண்டு மூன்று டெசிபெல் போதும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிய இந்தக் குணத்தால், வால்யூமைக் குறைக்கும்போது பேஸ்தான் முதலில் மறைகிறது. இரவு பத்து மணிக்கு மேல் தாழ்ந்த ஒலியில் மட்டுமே கேட்கக் கூடியவர் பெரிய பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தைவிட, தாழ்ந்த ஒலியில் பேஸை உயர்த்திக் கொடுக்கும், ரிசீவரிலுள்ள ஆடிஸி டைனமிக் ஈக்யூ போன்ற வசதியையோ பழைய பாணி லவுட்னஸ் குமிழையோ பயன்படுத்தினால் அதிகம் பெறுவார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு உத்தியும் உண்டு: சப்வூஃபரைச் சோஃபாவுக்கு நேர் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் வைத்தால், அதே பேஸ் உணர்வுக்கு வால்யூம் குறைவாகவே தேவைப்படும், கீழ்வீட்டுக்கும் அந்த அளவுக்குக் குறைவாகவே போகும். பெட்டியின் அடியில் ரப்பர் பட்டைகள் வைப்பது தரை அதிர்வைத் தணிக்கும். காற்றின் வழியே சுவரைக் கடக்கும் ஒலியை அவை தடுக்காது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில், மூடிய சிறிய அறைக்கு என் தேர்வு 10 அங்குல மூடிய பெட்டிச் சப்வூஃபர்கள் இரண்டு. திறந்த ஹாலில் படம் பார்ப்பவருக்கு 12 அங்குலத் துளைப் பெட்டி ஒன்று, முடிந்தால் பின்னர் இன்னொன்று. பணம் ஒரே தவணையில் புரளாது என்றால், முதலில் மைக்கை வாங்கி இருக்கையைச் சரிசெய்துவிட்டு, ஒரு 10 அங்குலத்தோடு தொடங்கலாம். வாடகை வீட்டில் இருப்பவருக்கும் இதுவே பொருந்தும். அடுத்த வீட்டுக்குப் போகும்போது சப்வூஃபரும் மைக்கும் கூடவே வந்துவிடும், சுவரில் அறைந்த பலகைகள் வாரா. ஆனால் இரண்டாவதை வாங்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டாம்: வேறுபட்ட இரண்டு சப்வூஃபர்களின் ஃபேஸ் ஒரே மாதிரி நகராது என்பதால், அவற்றை இசைவிப்பது ஒன்றைத் தனியே அமைப்பதைவிடக் கடினம். அதே மாடல் சந்தையில் இருக்கும்போதே இரண்டாவதையும் வாங்கிவிடுவது நல்லது.